புது இயர்பட்ஸ் வாங்கும் முன் பழசை ஒருமுறை விசாரியுங்கள்

போன வருடம் என் இயர்பட்ஸில் இடது பக்கம் மட்டும் சத்தம் மங்கிப்போனது. மூன்று வயதான ஜோடி. ஆயுசு முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, இரண்டு வாரம் கண்விழித்துப் புது மாடல்களின் விமர்சன வீடியோக்களைப் பார்த்தேன். வாங்கப் போகிற அன்றுதான் டார்ச் அடித்து, காதில் செருகும் அந்த இடது பட்டின் வாயைப் பார்த்தேன். வலைக்கு மேல் குறும்பி, மெழுகு பூசியது மாதிரி அப்பியிருந்தது. டூத்பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் தட்டித் துடைத்ததும் சத்தம் திரும்பிவிட்டது. இதை எழுதும்போதும் அந்த ஜோடிதான் காதில் இருக்கிறது.

சிக்கனப் பிரசங்கம் செய்யப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். சில சமயம் புதுசு வாங்குவதுதான் சரி, அது எப்போது என்று கீழே சொல்கிறேன். ஆனால் "புது மாடல் நல்லா இருக்குமா?" என்று கேட்டால் விடை எப்போதும் ஒன்றுதான்: நல்லாத்தான் இருக்கும். கையில் இருப்பதில் எனக்கு என்ன குறை, புதுசு அதைத் தீர்க்குமா என்று கேட்டால்தான் உருப்படியான விடை கிடைக்கும்.

முதல் படி: குறையை ஒரு வரியில் எழுதுங்கள்

ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். எரிச்சல் வரும்போதெல்லாம் எதனால் வந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். "மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது", "நான் பேசுவது எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறதாம்", "ஓடும்போது கழன்று விழுகிறது", "பஸ் இரைச்சலில் வசனம் கேட்கவில்லை" என்கிற மாதிரி. "சவுண்டு சுமார்" என்று மட்டும் எழுதாதீர்கள். சுமார் என்றால் என்ன? பேஸ் என்கிற அடித்தொனி இல்லையா, குரல் அமுங்குகிறதா, சத்தமே போதவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

வாரக் கடைசியில் பட்டியல் காலியாக இருந்தால் உங்களுக்கு வந்திருப்பது ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை. கையில் பணம் இருந்தால் வாங்கிவிடுங்கள், தேவை என்று வீட்டில் வாதாடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: துடையுங்கள், ரப்பரை மாற்றுங்கள், இணைப்பைப் புதுப்பியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் சுத்தம். ரப்பர் முனையைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பட்டைத் தண்ணீரில் காட்டக் கூடாது. அதன் வலைப்பகுதியைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம். நிமிர்த்தி வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும். ஊசி, குண்டூசி, பல்குச்சி எதையும் வலைக்குள் விடாதீர்கள். வலை கிழிந்தால் அப்புறம் நிஜமாகவே புதுசு வாங்க வேண்டியதுதான்.

ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லையா? கேஸுக்குள் குழியின் அடியில் சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். பட்டிலும் அதற்கு இணையான புள்ளிகள் உண்டு. வியர்வையும் தூசும் சேர்ந்து அங்கே படலம் கட்டிவிடும். கேஸைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரப்பர் முனை. பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு வரும். முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். முனை காதை ஒழுங்காக அடைக்கவில்லை என்றால் முதலில் காணாமல் போவது பேஸ், அதோடு வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷனும் பாதி செத்துவிடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பட்டை விரலால் லேசாகக் காதுக்குள் அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் அடைப்பு போதவில்லை என்று அர்த்தம். ஒரு அளவு பெரியதை மாட்டுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வலதில் நடு அளவு, இடதில் பெரியது. ரப்பர் எதுவுமே சரிப்படவில்லை என்றால் அழுத்தினால் சுருங்கி, காதுக்குள் விரியும் ஃபோம் முனைகள் தனியாகக் கிடைக்கும். அவை சீக்கிரம் அழுக்காகும், கிழியும். ஆனால் புது ஜோடியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கடைசியாக இணைப்பு. விட்டுவிட்டுக் கேட்கிறது, ஒரு பக்கம் இணையவே மாட்டேன் என்கிறது என்றால், போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து இயர்பட்ஸை நீக்கிவிட்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, மறுபடி இணையுங்கள். தயாரிப்பாளரின் ஆப் இருந்தால் இயர்பட்ஸுக்குள் ஓடும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆப்பில், ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கும். "குரல் அமுங்குகிறது" என்ற புகாருக்கு அங்கே இரண்டு கோடுகளை மேலே நகர்த்துவதே பல சமயம் போதும்.

மூன்றாம் படி: பேட்டரியைக் கடிகாரம் வைத்து அளங்கள்

இயர்பட்ஸில் உண்மையாகவே கிழடு தட்டும் பாகம் பேட்டரிதான். ஒவ்வொரு பட்டுக்குள்ளும் இருப்பது சுமார் 50 மில்லிஆம்பியர்-மணி அளவுள்ள சின்னஞ்சிறு லித்தியம் அயன் செல். உங்கள் போனில் இருப்பதோ 4000, 5000. லித்தியம் அயன் பேட்டரிகள் சுமார் 500 முழுச் சுழற்சிகளில் (நிரம்பித் தீர்வது ஒரு சுழற்சி) கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. போனை நாளுக்கு ஒருமுறைதான் சார்ஜ் செய்கிறோம். இயர்பட்ஸோ காலையில் தீர்ந்து, கேஸுக்குள் போய் நிரம்பி, மாலையில் மறுபடி தீரும். நாளுக்கு இரண்டு சுழற்சி என்றால் 500 என்பது எட்டு மாதச் சொச்சம்தான்! வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கேஸை விட்டுவிடும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். சூடு லித்தியத்துக்கு ஆகாது.

இப்போது அளப்போம். முழுக்க சார்ஜ் ஏற்றி, பாதி வால்யூமில், நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் அதே அமைப்பில் தொடர்ந்து ஓடவிடுங்கள். இடது எத்தனை மணி நேரத்தில் அணைகிறது, வலது எப்போது என்று இரண்டையும் குறியுங்கள். ஒரு பக்கம் மட்டும் முந்தி அணைந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பல மாடல்களில் போனோடு பேசும் வேலையையும் மைக் வேலையையும் ஒரு பக்கமே அதிகம் சுமக்கும், அந்தப் பக்கம் சீக்கிரம் தளரும்.

கிடைத்த எண்ணை உங்கள் அன்றாடத்தோடு பொருத்துங்கள். ஒரே மூச்சில் நீங்கள் அதிகம் கேட்பது ஒரு மணி நேரம், பேட்டரி இரண்டரை நிற்கிறது என்றால் பிரச்சினையே இல்லை, பெட்டியில் எட்டு என்று போட்டிருந்தாலும் சரி. ஒரு மணி நேர மீட்டிங் முடிவதற்குள் செத்துப்போகிறது என்றால் இதுவே புதுசு வாங்க நேர்மையான காரணம். பேட்டரியை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். பெரும்பாலான மாடல்களில் எல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கும், திறந்தால் உடையும். 2024இல் ஃபேர்ஃபோன் நிறுவனம் கொண்டுவந்த ஃபேர்பட்ஸ் போல, பயனரே பேட்டரியை மாற்றிக்கொள்ளக்கூடியவை இப்போதைக்கு அபூர்வம். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அவசரமில்லாதவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: சில நிறுவனங்கள் ஒரு பக்க பட்டை மட்டுமோ கேஸை மட்டுமோ தனியாகத் தருகின்றன. ஒன்று தொலைந்துவிட்டது என்பதற்காக முழு ஜோடி வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: இடைப்பட்ட வருடங்களில் என்ன மாறியது?

ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். அதன் பிறகு நடந்த பெரிய தாவல் என்றால் 2019தான். அந்த வருடம் வந்த சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்3, ஏர்பாட்ஸ் புரோ இரண்டும், உருப்படியான நாய்ஸ் கேன்சலேஷனைக் கட்டைவிரல் அளவுப் பொருளுக்குள் கொண்டுவந்து காட்டின. பிறகு வந்தவை பெரும்பாலும் படிப்படியான மெருகேற்றல். எனவே என் கணக்கு இதுதான்: உங்களுடையதில் நாய்ஸ் கேன்சலேஷன் இல்லை, நீங்கள் தினமும் இரைச்சலுக்குள் பயணம் செய்கிறீர்கள் என்றால் மாற்றம் காதில் அறையும். போன தலைமுறையிலிருந்து இந்தத் தலைமுறைக்குத் தாவுவதென்றால், பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

நாய்ஸ் கேன்சலேஷன் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வெளியே உள்ள மைக் இரைச்சலைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கும், இரண்டும் மோதி அடங்கும். விமான எஞ்சின், ஏசி, ரயிலின் உறுமல் மாதிரி தாழ்ந்த, ஒரே சீராக ஓடும் ஒலிகளில் இது அற்புதம். பக்கத்து நாற்காலிக்காரரின் பேச்சு, குழந்தையின் வீறிடல், பாத்திரம் விழும் ஓசை ஆகியவற்றைக் குறைக்கும், அழிக்காது. அலுவலக அரட்டையிலிருந்து தப்பிக்க மட்டும் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஒலித்தரம் பற்றிய விளம்பரங்களில் கோடெக் பெயர்கள், அதாவது ஒலியைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்பும் முறைகளின் பெயர்கள், மழையாகக் கொட்டும். எஸ்பிசி எல்லாக் கருவியிலும் இருக்கும் அடிப்படை. ஏஏசி ஐபோன்கள் பயன்படுத்துவது. எல்டிஏசி வினாடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆண்ட்ராய்டு போன்களில் கிடைக்கும். சூட்சுமம் என்னவென்றால் போனும் இயர்பட்ஸும் இரண்டுமே அதே கோடெக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐபோனில் எல்டிஏசியும் கிடையாது, ஏப்டிஎக்ஸ் என்ற இன்னொரு கோடெக்கும் கிடையாது. ஐபோன் வைத்துக்கொண்டு அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, ஓட்டத் தெரியாதவர் பந்தயக் கார் வாங்குகிற கதை. கோடெக்கைவிட ரப்பர் முனை பொருந்துவதுதான் ஒலியை அதிகம் மாற்றும் என்று அடித்துச் சொல்வேன்.

போன் பேச்சுக்காக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறது, லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது என்று பலர் புலம்புவார்கள். பழுது இல்லை. மைக் இயங்கத் தொடங்கியதும் பழைய ப்ளூடூத் முறை பேச்சுக்கான வேறொரு வழிக்கு மாறிவிடுகிறது. அதில் ஸ்டீரியோ இல்லை, உயர்ந்த ஒலிகளும் வெட்டுப்படும். எல்இ ஆடியோ என்ற புது முறை இதைத் தீர்க்க வல்லது. அதற்கான வரையறைகள் 2022இல் முழுமையடைந்தன. ஆனால் உங்கள் லேப்டாப்பும் போனும் அதை ஆதரிக்காவிட்டால் புது இயர்பட்ஸிலும் அதே ரேடியோதான். முதலில் அவற்றின் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். கீழே தண்டு நீண்டிருக்கும் வடிவங்களில் மைக் வாய்க்குச் சற்றே பக்கத்தில் வரும். நாள் முழுக்கப் பேசுவதுதான் உங்கள் பிழைப்பு என்றால், வெட்கப்படாமல் வாயருகே மைக் நீளும் ஹெட்செட் வாங்குங்கள். எந்த விலை உயர்ந்த இயர்பட்ஸும் அதற்கு ஈடாகாது.

ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் இணைந்திருக்கும் மல்டிபாயிண்ட் வசதி சத்தமில்லாமல் வாழ்க்கையை எளிதாக்கும். பழகிய பிறகு அது இல்லாததை வாங்க மனம் வராது. கேம் ஆடுபவர்கள் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி மோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ ஆப்கள் ஒலித் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தைச் சற்றுத் தாமதிக்கும், கேமால் அப்படிச் செய்ய முடியாது. சுட்ட பிறகுதான் சத்தம் வரும்.

ஒலிக்குச் சம்பந்தமில்லாத புதுமைகளும் நுழைந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், லேசானது முதல் மிதமானது வரையிலான கேட்புக் குறை உள்ள பெரியவர்களுக்காக, ஏர்பாட்ஸ் புரோ 2இன் செவித்துணை வசதிக்கு அனுமதி தந்தது. வீட்டில் டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும் பெரியவர் இருந்தால் இது யோசிக்க வேண்டிய விஷயம். அடுத்த வருடம் வந்த புரோ 3 இதயத்துடிப்பையும் அளக்கிறது. கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பவருக்கு இது கூடுதல் அலங்காரம்தான்.

ஐந்தாம் படி: பெட்டியில் உள்ள எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

"40 மணி நேரம்" என்று பெரிதாக இருக்கும். அது கேஸில் உள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. காதில் ஒரே மூச்சில் எவ்வளவு, அதுவும் நாய்ஸ் கேன்சலேஷன் ஓடும்போது எவ்வளவு என்று சின்ன எழுத்தில் தேடுங்கள்.

ஏஎன்சி, ஈஎன்சி இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏஎன்சிதான் மேலே சொன்ன நாய்ஸ் கேன்சலேஷன், உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. ஈஎன்சி என்பது நீங்கள் பேசும்போது எதிர்முனைக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது. ஈஎன்சி என்று மட்டும் போட்டிருந்தால் உங்களுக்கு பஸ் இரைச்சல் அப்படியே கேட்கும். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

நீரைத் தாங்கும் திறனுக்கான குறியீடு ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், உடற்பயிற்சிக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம். கடல் நீர், நீச்சல் குளத்து குளோரின், சோப்பு நீர் எதற்கும் இந்த எண் உத்தரவாதம் இல்லை. பட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு கேஸுக்கும் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஈரத்தோடு கேஸில் போட்டு மூடுவதுதான் பல ஜோடிகளின் மரணக் கதை.

ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், ப்ளூடூத் 5.3ஆ 5.4ஆ என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பதிப்பு எண் கூடியதால் மட்டும் பாட்டு இனிக்காது.

ஆறாம் படி: வாங்கினால், முதல் வாரத்திலேயே வறுத்தெடுங்கள்

திருப்பித் தரும் அவகாசம் எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மாட்டியிருங்கள், கடையில் ஐந்து நிமிடத்தில் காது வலி தெரியாது. மாட்டிக்கொண்டு எதையாவது மென்று பாருங்கள், தாடை அசையும்போது கழன்றால் அது உங்கள் காதுக்கானது இல்லை. போனை ஒரு பக்கப் பையில் வைத்து நடந்து, பிறகு மறுபக்கப் பையில் வைத்து நடங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிவிடும். சுமாரான ஜோடி இந்தச் சோதனையில் திக்கித் திணறும். காற்று வீசும் இடத்தில் நின்று, உண்மையைச் சொல்லக்கூடிய நண்பர் ஒருவரை அழைத்துக் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பழசோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். கொஞ்சம் அதிக சத்தமாக ஒலிப்பது எதுவோ அதுவே தரமானது என்று காது நம்பிவிடும். கடைகளில் காட்டும் மாதிரிகள் சத்தமாக வைக்கப்பட்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் என்றதும் இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு, நாய்ஸ் கேன்சலேஷன் உள்ள ஜோடி வாங்கி வால்யூமை இறக்குவது காதுக்குச் செய்யும் நல்ல காரியம். என்னிடம் யாராவது வந்து மாற்றலாமா என்று கேட்டால், செத்த பேட்டரிக்கு அடுத்தபடியாக நான் தலையாட்டும் காரணம் இதுதான்.

பழைய ஜோடியை என்ன செய்வது?

பேட்டரி ஓரளவு நின்றால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலியாக வைக்காமல் பாதி சார்ஜோடு வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். செத்துவிட்டது என்றால் குப்பைத் தொட்டி வேண்டாம். நசுங்கிய லித்தியம் செல் தீப்பிடிக்கும், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். யாருக்காவது கொடுப்பதென்றால் துடைத்து, புது ரப்பர் முனை மாட்டி, உங்கள் போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் இணைப்பை நீக்கிவிட்டுக் கொடுங்கள். முன்பொரு ஜோடியை நான் இணைப்பை நீக்க மறந்து என் தம்பியிடம் கொடுத்தேன். பக்கத்து அறையில் அவன் கேஸைத் திறக்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அவன் காதுக்குப் போய்விடும்.